வஹீத் இல்லாத முஷாயிரா

சனிக்கிழமை சாயந்திரம் தனகோடி இரண்டு முறை குளித்தான். முதலில் துணி சோப்பு போட்டு, அப்புறம் வாசனை சோப்பு போட்டு. டேனரியில் ஈரத்தோலோடு புழங்குகிறவனுக்கு ஒரு குளியல் பத்தாது. தலைமுடி உலர்ந்ததும் அந்த வாடை மறுபடி கிளம்பி வரும். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த இடத்தில் அத்தர் தடவிவிட்டவன் அப்துல் வஹீத். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, தனக்கு ஒரு சொட்டு, இவனுக்கு ஒரு சொட்டு வைப்பான். வஹீத் செத்து அன்றோடு முப்பத்தைந்து நாள்.

கமலம் வாசலில் நின்றிருந்தாள். காலையிலிருந்து போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவள், புருஷன் செருப்பைத் தேடுவதைப் பார்த்ததும் பேச்சை மாத்தினாள்.

"போறதுன்னா போ. சால்வ போட்டா வாங்கிக்க. வாயத் தொறக்காம திரும்பி வா."

அவள் பயம் அவளுக்கு. வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அந்த டேனரிச் சம்பளம்தான்.

அழைப்பிதழை வியாழக்கிழமை மேனேஜர் தௌசீப் அகமது கையில் கொண்டுவந்து கொடுத்தான். டேனரி முதலாளி ஜியாவுல்லா சாயபு வருஷா வருஷம் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து முஷாயிரா நடத்துவார். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் என்று சுற்றுவட்டாரக் கவிஞர்கள் எல்லாம் வந்து உருதுவில் கவிதை சொல்வார்கள். முதலாளியே கவிஞர்தான். வஹீத்தும் தனகோடியும் ஒரு வருஷம் தவறாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை, வரவேண்டாம் என்று தடுத்ததுமில்லை. இந்த வருஷம் பொன் எழுத்தில் அச்சடித்த அட்டை. முஷாயிரா வஹீத்தின் நினைவாக நடக்கிறதாம். வஹீத்தின் தம்பி ஃபஹீமுக்கும், கூட வேலை செய்த தனகோடிக்கும் முன்வரிசை. கடைசியில் மேடையில் ஆளுக்கொரு சால்வை.

அட்டைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. டைப் அடித்த தாள். கழிவுநீர்த் தொட்டிக்குள் தன் செல்போன் விழுந்துவிட்டதால், யாரிடமும் சொல்லாமல் அப்துல் வஹீத் தானாக இறங்கினான் என்றும், தனகோடி அதை நேரில் பார்த்தான் என்றும் அதில் இருந்தது. கீழே அவன் பெயர் போட்டு ஒரு கோடு.

"திங்கக்கெழமை விசாரணைக்கு அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு" என்றான் தௌசீப். தனகோடி தாளையே பார்த்துக்கொண்டு நின்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ இன்னா சொன்னேன்னு எனக்கும் ஞாபகம் இருக்குது. அவன் பொஞ்சாதிக்கு அது தெரியணுமா? யோசிச்சுக்க."

அதுதான் தனகோடியின் தொண்டையில் முப்பத்தைந்து நாளாகச் சிக்கிக்கொண்டிருந்த முள்.

வஹீத்தின் செல்போன் தொட்டியில் விழவில்லை. அது டிபன் பாக்ஸோடு பையில் பத்திரமாக இருந்தது. நடந்தது வேறு. அன்றைக்கும் சனிக்கிழமை. நாலு மணிக்குக் கழிவுத் தொட்டியின் பம்பில் ஏதோ துணி சுற்றிக்கொண்டு நின்றுபோனது. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்து தோல் கழுவிய தண்ணீர் அத்தனையும் போய்ச் சேருகிற தொட்டி அது. மூடியைத் திறந்து ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள்தான் பக்கத்திலேயே போவார்கள். எந்த டேனரியில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்தக் காற்றை ஒரு மூச்சு இழுத்தால் ஆள் காலி. உறிஞ்சி எடுக்கிற லாரி திங்கட்கிழமைதான் வரும், அதுவரைக்கும் தண்ணி ரோட்டில் வழிந்தால் பொல்யூஷன்காரன் வந்து நிற்பான் என்று தௌசீப் தவித்தான். இறங்கி அந்தத் துணியை மட்டும் உருவிவிட்டு வரச்சொன்னான். ரெண்டு நிமிஷ வேலை என்றான். மூடி திறந்து அரைமணிதான் ஆகிறது என்று வஹீத் சொன்னான். சொல்கிறேன் இல்லை, இறங்கு என்றான் தௌசீப்.

வஹீத் இறங்கவில்லை. நின்று யோசித்தான். அப்போது பேசியவன் தனகோடி.

"சீக்கிரம் பாய். அஞ்சரை பஸ்ஸ வுட்டா மொதப் பாட்டு போச்சு."

வஹீத் சிரித்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். நாலாவது படியில் தெரிந்தவன் ஐந்தாவதில் இல்லை.

அந்த முதல் பாட்டு சத்துவாச்சாரியில் ஒரு கோயில் திருவிழாவில். அரக்கோணத்திலிருந்து வருகிற ஆர்கெஸ்ட்ரா. அதில் ஒரு பொம்பளை, ஆண் குரலும் பெண் குரலும் மாத்தி மாத்தித் தானே பாடுவாள். ஒரு வருஷமாகத் தனகோடி அவளுக்காகக் காத்திருந்தான். அது அவன் முறை.

முறை என்று ஒன்று அவர்களுக்குள் இருந்தது. ஒரு சனிக்கிழமை வஹீத் சொல்கிற இடம், அடுத்த சனிக்கிழமை தனகோடி சொல்கிற இடம். குடிக்கிற பழக்கம் ரெண்டு பேருக்கும் இல்லை. வாரம் ஆறு நாளும் டிரம்முக்குள் கையை விட்டுத் தோலைப் புரட்டியவர்களுக்கு சனிக்கிழமை ராத்திரி எங்கேயாவது நாற்காலி போட்டு, விளக்குப் போட்டு, ஒருத்தன் பாடவோ ஆடவோ வேண்டும். வேலூர்க் கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றுகிறதை எட்டுத் தடவை பார்த்திருக்கிறார்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்து, காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பியிருக்கிறார்கள். பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொல்வதற்குள் இவர்கள் ரெண்டு பேரும் எதிரெதிராகச் சண்டை போட்டு, பக்கத்து ஆட்கள் சத்தம் போட்டு உட்காரவைத்ததும் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் சர்ச்சு வாசலில் நின்று பாட்டுக் கேட்பார்கள். தர்காவில் கவ்வாலி. ஒரு தடவை ரயில் ஏறி அரக்கோணத்துக்கே போய் மேஜிக் ஷோ பார்த்தார்கள். பெண்ணை ரெண்டாக அறுத்தவன் ஒட்டவைக்கும்போது மின்சாரம் போய்விட்டது. திரும்பி வரும் ரயிலில் வஹீத், "அவ இன்னும் ரெண்டாத்தான் கெடக்கறா, தோஸ்த்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

எங்கே போனாலும் ஓரத்து நாற்காலி. பேசி வைத்ததில்லை. பக்கத்து ஆள் மூக்கைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவதைப் பார்க்கவேண்டாமே என்று தானாகப் படிந்த வழக்கம்.

முஷாயிரா எப்போதும் வஹீத்தின் முறை. தனகோடிக்கு உருது தெரியாமல் இல்லை. டேனரியில் திட்டுவதும், கணக்குக் கேட்பதும், டீ சொல்வதும் அந்த பாஷையில்தான். ஆனால் அது வேலைத்தளத்து உருது. மேடையில் கவிஞர்கள் சொல்வது கெட்டித்துணி மாதிரி வேறு. பாதி புரியும், பாதி மேலே போய்விடும். ஆனாலும் அவனுக்கு அது பிடித்தது. முதல் வரியைக் கவிஞர் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லி நிறுத்துவார். கூட்டம் காத்திருக்கும். ரெண்டாவது வரி எழும்பி வந்து, எல்லா ஜோடி வரிக்கும் பொதுவான அந்த ஒரே வார்த்தையில் போய் இறங்கும்போது மண்டபமே 'வாஹ்' என்று சத்தம் போடும். அந்த வார்த்தை வருவது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் அது வருவதற்காக உடம்பு துடிக்கும். வரி ரொம்பப் பிடித்துவிட்டால் யாராவது 'முகர்ரர்' என்பார்கள். இன்னொரு தடவை சொல் என்று அர்த்தம். கேட்டால் கவிஞர் மறுக்கக்கூடாது. எவ்வளவு பெரிய கவிஞராக இருந்தாலும், கேட்டவன் யாராக இருந்தாலும், மறுபடி சொல்லத்தான் வேண்டும்.

தனகோடிக்கு வஹீத்தின் முழங்கைதான் வழிகாட்டி. விலாவில் ஒரு இடி விழுந்தால் 'வாஹ்' சொல்ல வேண்டும். இடி விழவில்லை என்றால் அது சுமாரான வரி. அர்த்தமெல்லாம் அப்புறம் வீட்டுக்கு நடந்துபோகும்போது. சில வரிகளுக்கு அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு டீ ஆகிவிடும்.

அன்று மண்டபத்து வாசலில் ஃபஹீம் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். வஹீத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அண்ணன் குடும்பம் இப்போது அவன் தலையில். அண்ணி அக்தர் பீ இத்தாவில் இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டாள். மூத்த பெண்ணுக்குக் கம்பெனி ஆபீசில் வேலை தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் வந்தேன் என்றான். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. செல்போன் கதையை அவன் நம்புகிறானா என்று தனகோடி கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும்.

முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். நடுவில் உட்காரவைத்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெரிய ஃபேன் அடித்தது. இடதுபக்கம் இருந்த கனவான் ஒரே ஒரு தடவை மூக்கைச் சுளித்து, யார் என்று பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். தனகோடி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சர்பத் வந்தது. தௌசீப் அகமது ஓரத்து நடையில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான். தனகோடியைப் பார்த்துத் தலையாட்டினான்.

நாலைந்து கவிஞர்கள் சொல்லி முடித்தார்கள். தனகோடிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வலதுபக்கம் ஃபஹீம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். விலாவில் இடி விழாத முஷாயிரா தனகோடிக்கு மழைச்சத்தம் போல இருந்தது.

பிறகு ஜியாவுல்லா சாயபு எழுந்தார். எழுபது தாண்டிய மெலிந்த உடம்பு. தனகோடிக்கு அவர்மேல் கோபம் இருந்ததில்லை. கமலத்துக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி தன் காரையே அனுப்பியவர். அவர் முதலில் சாதாரணப் பேச்சில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். இருபத்தாறு வருஷம் என்னிடம் வேலை செய்த ஒருவன் போய்விட்டான். இதோ என் முன்னால் அவன் தம்பியும் அவன் தோஸ்த்தும் இருக்கிறார்கள். இந்தக் கஜல் அவனுக்கு. 'அப்துல் வஹீத்' என்று பெயரைச் சொன்னபோது கிழவருக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை.

முப்பத்தைந்து நாளில் வஹீத்தின் பெயரை இத்தனை பேர் நடுவில், மைக்கில், இவ்வளவு பிரியமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தனகோடியின் கண் நிறைந்துவிட்டது.

கஜல் ஓடியது. ஒவ்வொரு ஜோடியும் 'ரோஷ்னி' என்ற வார்த்தையில் முடிந்தது. வெளிச்சம். அது தனகோடிக்குத் தெரியும். மீதியெல்லாம் கனத்த உருது. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூன்று தடவை அந்த வெளிச்சம் வந்து விழுந்தது. கூட்டம் சூடேறியது. நாலாவது ஜோடியின் முதல் வரியைக் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு முறை சொன்னார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. ரெண்டாவது வரி எழும்பி, வளைந்து, 'ரோஷ்னி' என்று இறங்கியதுதான் தாமதம், பன்னிரண்டு வருஷப் பழக்கம் தனகோடியைத் தூக்கி நிறுத்திவிட்டது. எழுந்து நின்று, கையை நீட்டி, கண்ணீரோடு, மண்டபத்திலேயே உரத்த குரலில் சொன்னான்.

"வாஹ்! வாஹ்!"

ஜியாவுல்லா சாயபு கண் திறந்து அவனைப் பார்த்தார். கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஆதாப் செய்தார். ஒரு முதலாளி ஒரு கூலிக்காரனுக்கு, முந்நூறு பேர் முன்னால். மண்டபம் கைதட்டியது. ஓரத்தில் தௌசீப் பெருமூச்சு விட்டுச் சிரிப்பதைத் தனகோடி பார்த்தான். ஏன் சிரிக்கிறான் என்று புரியாமல் உட்கார்ந்தான்.

ஃபஹீம் அவன் பக்கம் திரும்பினான்.

"நீயுமாண்ணா?"

"இன்னாடா?"

"இன்னா சொன்னாருன்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சியா?"

தெரியாது என்று தனகோடி தலையாட்டினான். ஃபஹீம் காதருகே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். விட்டில்பூச்சி தானாகத்தான் வந்தது, விளக்கு அதைக் கூப்பிடவில்லை. ஆசைப்பட்டு வந்து விழுந்ததற்கு, பாவம், வெளிச்சம் என்ன செய்யும்.

கையெழுத்துப் போடச்சொன்ன தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக, ஊர் முழுக்கப் பார்க்க, இப்போது போட்டுவிட்டான். செத்தவன் கூடவே இருந்தவன் எழுந்து நின்று ஆமாம் என்று அழுதான் என்று நாளைக்கு டீக்கடையில் சொல்வார்கள். அது பொய்யில்லை. அவன் அழுதது உண்மை. எழுந்ததும் உண்மை.

மேடையில் கிழவர் அடுத்த ஜோடிக்குத் தாளைத் திருப்பினார். இந்த நேரம் போனால் போனதுதான். கமலம் வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. அக்தர் பீயின் முகமும் வந்தது. ரெண்டில் எது பெரிது என்று யோசித்திருந்தால் அவன் உட்கார்ந்தே இருந்திருப்பான்.

எழுந்து, "முகர்ரர்" என்றான்.

சிலர் சிரித்தார்கள், பிரியமாகத்தான். கிழவருக்கு முகம் மலர்ந்தது. தாளைப் பார்க்காமலே அந்த ரெண்டு வரியையும் மறுபடி சொன்னார். விட்டில். விளக்கு. வெளிச்சம். கூட்டம் 'வாஹ்' என்றது. தனகோடி சொல்லவில்லை, உட்காரவுமில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றான். பிறகு அவனுக்குத் தெரிந்த டேனரி உருதுவில், ஆண்பால் பெண்பால் எல்லாம் முன்பின்னாக, பேசினான். வஹீத் தானாக இறங்கவில்லை. செல்போன் விழவில்லை. மூடி திறந்து அரைமணிதான் ஆகிறது என்று அவன் சொன்னான். இறங்கு என்று சொன்னது மேனேஜர். நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஓரத்திலிருந்து தௌசீப் வேகமாக வந்தான். தமிழில் பேசினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உக்காருடா. நீ இன்னா சொன்னேன்னு நான் சொல்லட்டுமா இங்க?"

அந்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"முகர்ரர்."

யார் என்று தெரியவில்லை. கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே கேட்டானா, அதுவும் இன்றுவரை தெரியாது. ஆனால் கேட்டால் மறுக்கக்கூடாது என்பது தனகோடிக்குத் தெரியும். பின்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, இந்த முறை தமிழில், முதலிலிருந்து சொன்னான். முன்னே விட்டுவிட்டதையும் சேர்த்துச் சொன்னான்.

"அவரு எறங்கச் சொன்னாரு. பாய் எறங்கல, நின்னாரு. நான்தான் சீக்கிரம் ஆவட்டும், பஸ்ஸு போயிடும்னு சொன்னேன். பாட்டுக் கச்சேரிக்குப் போவணும்னு சொன்னேன். அப்பறம்தான் எறங்குனாரு."

தௌசீப் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தைத் தனகோடி பிடுங்கிக்கொண்டான். ஜியாவுல்லா சாயபு மேனேஜரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தௌசீப் தரையைப் பார்த்தான். கிழவர் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கஜலை முடிக்காமல் திண்டில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருமல் சத்தங்கள். பிறகு அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேரணாம்பட்டுக் கவிஞரைக் கூப்பிட்டார். அவர் ஏதோ நகைச்சுவையாக ஆரம்பித்தார். கூட்டம் நன்றியோடு சிரித்தது. முஷாயிரா நடந்தது.

தனகோடி நடுநடைபாதை வழியாக வெளியே வந்தான். யாரும் தடுக்கவில்லை, யாரும் கையைப் பிடித்துக்கொள்ளவுமில்லை. ஃபஹீம் அவனுக்கு முன்பே எழுந்துபோய் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்தபடி, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"முப்பத்தஞ்சு நாளு, எங்கூட்டுக்கு வந்து டீ குடிச்ச" என்றான்.

தனகோடி ஆட்டோவின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தான்.

"அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. ஏறு."

வஹீத்தின் வீடு மசூதித் தெருவில் ஒரு சந்து. ஃபஹீம் உள்ளே போய் ஏதோ சொன்னான். அறை வாசலில் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு அந்தப்பக்கம் அக்தர் பீ வந்து உட்கார்ந்தது வளையல் இல்லாத நிசப்தத்தில் தெரிந்தது. தனகோடி தரையில் உட்கார்ந்து, மண்டபத்தில் சொன்னதை மூன்றாம் தடவையாகச் சொன்னான். இந்தத் தடவைதான் கஷ்டமாக இருந்தது. முந்நூறு பேருக்குச் சொன்னபோது வராத நடுக்கம் ஒரு திரைக்குச் சொல்லும்போது வந்தது.

உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. அவள் கேட்டாள்.

"நீ சீக்கிரம்னு சொன்னதும் அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

ஃபஹீம் சுவரில் சாய்ந்து நின்றான். பக்கத்து வீட்டில் டிவி ஓடியது.

"மவளுக்கு வேல குடுக்கறேன்னு சொன்னாங்க" என்றாள் அக்தர் பீ. "இனிமே குடுக்க மாட்டாங்க."

"மாட்டாங்க" என்றான் தனகோடி.

"உனக்கும் வேல போயிடும்."

"போயிடும்."

"மண்டபத்துல சொன்னது காத்தோட போயிடும். திங்கக்கெழம எழுத்துல சொல்லு. மேனேஜரு சொன்னதும் எழுதணும், நீ சொன்னதும் எழுதணும். அத முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் இந்த வூட்டுப் பக்கம் வராத."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது.

வீட்டில் கமலத்துக்குச் செய்தி முந்தியே வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று நினைத்தான். அவள் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷூ கம்பெனியில் பொம்பளைகளுக்கு ஆள் எடுக்கிறார்களாம், நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

திங்கட்கிழமை டேனரி கேட்டில் காவல்காரர் சின்னசாமி குறுக்கே கையை நீட்டினார். உள்ளே விடவேண்டாம் என்று உத்தரவு. அவருக்கே வெட்கமாக இருந்தது, தலையைச் சொறிந்தார். விசாரணை உள்ளே ஆபீஸ் ரூமில். அதிகாரி பத்து மணிக்கு வருவார் என்று மட்டும் வாய்க்குள் சொன்னார். தனகோடி எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றான். பத்தே முக்காலுக்கு ஜீப் வந்தது. கேட் திறப்பதற்காக அது வேகம் குறைத்தபோது ஓடிப்போய் முன்னால் நின்றான். டிரைவர் கத்தினார். அதிகாரி கண்ணாடியை இறக்கினார். ஐம்பது வயதுக்காரர், தூக்கம் பத்தாத கண்.

"அப்துல் வஹீத் செத்தப்ப பக்கத்துல இருந்தவன் சார். உள்ள விட மாட்டேங்கறாங்க."

அதிகாரி கேட்டைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். ஜீப்பை ஓரம் கட்டச்சொன்னார். இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பைலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, எத்தனை வருஷ சர்வீஸ். பம்பு நின்றது, லாரி வராதது, மூடி திறந்த நேரம். மேனேஜர் சொன்ன வார்த்தையை அப்படியே கேட்டு வாங்கி எழுதினார். தனகோடி கையெழுத்துப் போடாத அந்த டைப் தாளையும் வாங்கிப் பைலில் சொருகினார். டீ ஆறியது. உள்ளேயிருந்து ரெண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தனகோடி அடுத்ததைச் சொன்னான். அதிகாரியின் பேனா நின்றது.

"பாட்டுக் கச்சேரி, பஸ்ஸு... அதெல்லாம் இதுல எதுக்குப்பா? தொழிலாளிங்களே அவசரப்பட்டாங்கன்னு அவங்க வக்கீல் புடிச்சுக்குவாரு. அத வுட்டுட்டு மேல சொல்லு."

"நான் சொன்னது சார் அது."

"எனக்குப் புரியுது. ஆனா அது கேஸுக்குத் தேவையில்ல. உனக்கும் நல்லதில்ல."

"தேவ இருக்குது சார். எழுதுங்க."

அதிகாரி குனிந்து எழுதினார். அவன் சொன்ன சொல்லை இலக்கணத் தமிழில் மாத்தி எழுதினார். தனகோடி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று, அவர் தோளுக்கு மேலாக, அந்த வரி முழுசாக முடிகிறவரை பார்த்தான். முற்றுப்புள்ளி வைத்ததும் மேற்கொண்டு சொல்லத் தொடங்கினான்.